புகார் மனு இப்போது எந்த மேசையில் இருக்கிறது?

தருமபுரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் தமக்கு அநீதி நடந்ததாகத் துணைவேந்தருக்கே நேரடியாகக் கடிதம் எழுதி ஆறு வாரமாகிவிட்டதாம். பதில் ஒன்றும் வரவில்லை, ஆனால் யார்மேல் எழுதினாரோ அந்தத் துறைத்தலைவர், "என்னப்பா, மேலே எழுதிப் போட்டிருக்கியாமே?" என்று வகுப்பறை வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டாராம். ஒரு தனியார் கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கும் அவருடைய அக்காவோ, தமக்கே மூன்று மாதச் சம்பளம் பாக்கியிருப்பதைச் சொல்லி, "வாத்தியார் கொடுக்கிற புகாருக்கே இதுதான் கதி, நீ விட்டுத்தள்ளு" என்கிறாராம். பல்கலைக்கழகங்கள் புகார்களை உண்மையிலேயே விசாரிக்கின்றனவா, இல்லை எல்லாம் கண்துடைப்புதானா என்பது அவர் எழுதியிருக்கும் கேள்வி. நான் புரிந்துகொண்ட அளவில் அவர் அறிய விரும்புபவை வேறு இரண்டு: என் கடிதம் இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது, அது என் தலையிலேயே வந்து விடியுமா?

நான் பாலக்கோட்டுக்காரன். வேறொரு மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து உதவிப் பதிவாளராக ஓய்வு பெற்றேன். கடைசி ஆறு ஆண்டுகள் மாணவர் குறைதீர் குழுவின் கூட்டங்களுக்கு நாள் குறிப்பதும், சம்பந்தப்பட்டவர்களுக்குக் கடிதம் அனுப்புவதும், நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் என் வேலையாக இருந்தன. நான் வழக்கறிஞன் அல்லன். ஆகவே விதியில் இருப்பதை விதி என்றும், மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்ததை நான் பார்த்தது என்றும் பிரித்தே சொல்கிறேன். உங்கள் மதிப்பெண் சரியா தவறா என்பதைத் தாளைப் பார்க்காத நான் சொல்வதற்கில்லை.

துணைவேந்தர் பெயருக்கு வரும் உறைகளைத் துணைவேந்தர் பிரிப்பதில்லை. தபால் பிரிவில் ஒருவர் பிரித்து, தேதி முத்திரை குத்தி, வரவு எண் போட்டு, எந்தப் பிரிவுக்கு என்று கடிதத்தின் ஓரத்தில் இரண்டெழுத்தில் குறிக்கிறார். மனுவின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த இரண்டெழுத்துதான். பிரிவு உதவியாளர் அதைத் தன்பதிவேட்டில் ஏற்றி, ந.க. எண் என்னும் கோப்பு எண் கொடுத்து, 'பொருள்' என்று ஒரு வரி எழுதுவார். அடுத்து நடப்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே. "மனு இத்துடன் இணைத்து அனுப்பப்படுகிறது; இதன்மீது தங்கள் குறிப்புரையை அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் போகும். முதல்வர் அலுவலகம் அதே வாசகத்தைத் திரும்பத் தட்டச்சு செய்து துறைத்தலைவருக்கு அனுப்பும். வாசலில் உங்களை நிறுத்திக் கேட்டாரே, அதற்குக் காரணம் அநேகமாக இதுதான். யாரோ வேண்டுமென்றே போட்டுக்கொடுத்தார்கள் என்று முதலிலேயே முடிவுகட்ட வேண்டாம். உங்கள் கடிதம் இப்போது, எவர்மேல் புகாரோ அவருடைய மேசையிலேயே குறிப்புரைக்காகக் காத்திருக்கிறது என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் அனுபவத்தில் பெரும்பாலும் பிழைக்காத ஊகம்.

ஒரு மனுவை அருகிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நம் அரூர்ப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருவர், இருபுறமும் எழுதி நான்கு தாள் கொடுத்திருந்தார். விடுதியில் தண்ணீர் வராதது, பேருந்து நிற்காமல் போவது, ஆய்வகத்தில் ஓர் ஆசிரியர் பேசிய பேச்சு எல்லாம் அதில் இருந்தன. மூன்றாம் தாளின் பின்பக்கத்தில், ஒரு பாடத்தில் அகமதிப்பீடு இருபத்தைந்துக்குப் பதினொன்று போட்டிருக்கிறார்கள் என்ற வரியும் இருந்தது. உதவியாளர் 'பொருள்: பல்வேறு குறைகள் தொடர்பாக' என்று எழுதிவிட்டார். மனு விடுதிப் பிரிவுக்குப் போனது, அங்கிருந்து பராமரிப்புப் பிரிவுக்கு, அங்கிருந்து தேர்வுப் பிரிவுக்கு. ஒவ்வொருவரும் 'இப்பொருள் இப்பிரிவைச் சார்ந்ததன்று' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டு நகர்த்தியிருந்தார்கள். என் மேசைக்கு வந்தபோது மூன்று மாதம் கடந்திருந்தது. மாணவியின் எழுத்தைவிட ஓரக்குறிப்புகளே அதிகமாகத் தெரிந்தன. அவரை வரச்சொல்லி, "இதில் உடனே தீர வேண்டியது எதும்மா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அந்தப் பதினொன்றுதான் சார்" என்றார். அதை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதித் தரச்சொன்னேன்: மூன்று தேர்வுகளின் தேதி, திருத்திக் கொடுத்த தாள்களில் இருந்த மதிப்பெண், அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மதிப்பெண். குழு இரண்டாவது வாரத்தில் கூடி, துறையின் மதிப்பெண் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தது. மூன்றாம் தேர்வில் அவர் 'வரவில்லை' என்று ஒன்றில் இருந்தது. அதே நாளில் மற்றொன்றில் வந்திருந்தார். மதிப்பெண் திருத்தப்பட்டது. தண்ணீர்ப் புகாரைத் தனியே கொடுக்கச் செய்தேன். அது தீர ஒரு வருடம் பிடித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆக, புகாரின் உண்மைத்தன்மையைப் போலவே அது எந்த வாசலில், எந்தப் பொருளாகப் பதிகிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. உங்களுக்கான வாசல் துணைவேந்தர் அலுவலகம் அன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி, ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருந்தாக வேண்டும்; 2012-லும் 2019-லும் வந்த பழைய விதிகளின் இடத்தில் இப்போது நடப்பில் இருப்பது இதுதான். பேராசிரியர் ஒருவர் தலைவர், மூத்த ஆசிரியர்கள் நால்வர் உறுப்பினர்கள், மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர். இவர்களில் ஒருவரேனும் பெண்ணாகவும், ஒருவரேனும் பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். இணையவழியில் புகார் செய்ய ஒரு தளமும் இருக்க வேண்டும். அதில் பதிந்த புகாரை நிறுவனம் தன் கருத்துடன் 15 நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். வெளிப்படைத்தன்மையற்ற அல்லது நியாயமற்ற மதிப்பீட்டு முறை, தேர்வு முடிவில் தாமதம், உதவித்தொகையை நிறுத்திவைத்தல், அசல் சான்றிதழைத் தர மறுத்தல், அறிவித்ததைவிடக் கூடுதலாகப் பணம் கேட்டல் எல்லாம் அந்த விதியே 'குறை' என்று பெயர்சொல்லிக் குறிப்பிடுபவை. உங்கள் விஷயம் அந்தப் பட்டியலுக்குள் வருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

குழுவின் முன் நீங்களே போகலாம், உங்கள் சார்பில் ஒருவரையும் அனுப்பலாம். குழு தன் அறிக்கையை இயன்றவரை 15 வேலை நாட்களுக்குள் கொடுத்து, அதன் நகலை உங்களுக்கும் தர வேண்டும். அந்த 'இயன்றவரை' என்ற சொல்லைக் கவனியுங்கள்; தாமதங்களெல்லாம் அதற்குள்தான் குடியிருக்கின்றன. இன்னொன்று, பலரும் குழுதான் தீர்ப்புச் சொல்கிறது என்று நினைக்கிறார்கள். குழு பரிந்துரை மட்டுமே செய்கிறது. ஆணையிடுவது கல்லூரியின் உரிய அதிகாரி, அதாவது பெரும்பாலும் முதல்வர். நல்ல பரிந்துரை எழுதப்பட்டு, ஆணை வெளிவராமல் கிடந்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால், 'கூட்டம் முடிந்துவிட்டதா?' என்று கேட்பதைவிட 'ஆணை பிறந்துவிட்டதா, அதன் எண் என்ன?' என்று கேட்பதே பயன் தரும்.

குழுவின் முடிவில் நிறைவில்லை என்றால், அது கைக்குக் கிடைத்த 15 நாட்களுக்குள் ஒம்புட்ஸ்பர்சன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், ஓய்வுபெற்ற பேராசிரியர், முன்னாள் மாவட்ட நீதிபதி ஆகியோரில் ஒருவரைப் பல்கலைக்கழகம் நியமிக்க வேண்டும். அவர் அதன் இணைப்புக் கல்லூரிகளுக்கும் சேர்த்தே குறைதீர்ப்பாளர். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களில் கலை அறிவியல் கல்லூரி என்றால் சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகம், பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி என்றால் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் என்று ஆள் மாறும். மேல்முறையீட்டை 30 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது விதி. இங்கே ஒரு முள் இருக்கிறது. விடைத்தாளை மறுபடி திருத்தித் தாருங்கள் என்ற கோரிக்கையைக் குறைதீர்ப்பாளர் ஏற்கமாட்டார். முடிவையே பாதித்த குறிப்பிட்ட முறைகேடு அல்லது பாகுபாடு இன்னது என்று சுட்டினால்தான் எடுத்துக்கொள்வார். "எனக்குக் குறைவாகப் போட்டுவிட்டார்" என்பது முதல் வகை. "ஒரே தேர்வுக்குத் தாளில் ஒரு மதிப்பெண், பட்டியலில் வேறு மதிப்பெண்" என்பது இரண்டாம் வகை. உங்கள் கடிதம் எந்த வகை என்பதை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள்.

அதற்குத் தாள் வேண்டும். திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தேர்வெழுதியவருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு பக்க மனு போதும். 30 நாட்களில் பதில் வரவேண்டும், வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். சுயநிதிக் கல்லூரி தன்னை அந்தச் சட்டம் கட்டாது என்று சொல்லக்கூடும். பல்கலைக்கழகம் சட்டப்படி அந்தக் கல்லூரியிடமிருந்து கேட்டுப் பெறக்கூடிய தகவலை, பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடமே கேளுங்கள். ஆறப்போட வேண்டாம். விடைத்தாள்களைக் குறித்த காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள், அதன்பின் 'ஆவணம் இல்லை' என்ற ஒற்றை வரிதான் கிடைக்கும்.

இனி உங்கள் இரண்டாவது அச்சம். சாதாரணக் குறைகளில் எதிர்த்தரப்புக்குப் புகாரைக் காட்டாமல் முடிவெடுக்க முடியாது. காட்டாமல் எடுத்தால் அந்த முடிவே நீதிமன்றத்தில் நிற்காது. அதனால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது தனியே ஒரு குற்றமன்று. தெரிந்தபின் அவர் என்ன செய்கிறார் என்பதே முக்கியம். வாசலில் நிறுத்திக் கேட்டதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாணவரைத் துன்புறுத்துவதும் பழிவாங்குவதும் மேலே சொன்ன விதியில் தனிக் குறையாகவே இருக்கின்றன. அந்த வகையில் இன்னொரு சம்பவம் நடந்தால், அதைப் பழைய புகாரில் ஒட்டாமல் புதிய மனுவாகக் கொடுங்கள். பழிவாங்கல் வரவே வராது என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை, காகிதத்தில் தேதி வைத்திருந்த மாணவர்களிடம் ஆசிரியர்கள் கூடுதல் எச்சரிக்கையாகவே நடந்துகொண்டார்கள். வாயால் மட்டும் புலம்பியவர்களுக்குத்தான் தொல்லை அதிகமாக வந்தது. பொய்ப் புகார் என்று தெரிந்தால் புகார்தாரர்மேலும் நடவடிக்கைக்குக் குறைதீர்ப்பாளர் பரிந்துரைக்கலாம் என்பதால், கேள்விப்பட்டதைக் கண்டதுபோல எழுதிவிட வேண்டாம்.

விஷயம் பாலியல் தொல்லை என்றால் பாதையே வேறு, அங்கே ரகசியம் சட்டப்படியான கடமை. எங்கள் காலத்தில் விசாகா கமிட்டி என்றே சொல்லிப் பழகிய உள்ளகப் புகார் குழுவிடம், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். குழுவில் வெளியிலிருந்து ஒருவர் அமர வேண்டும்; மாணவர் சம்பந்தப்பட்டிருந்தால் மாணவப் பிரதிநிதிகளும் அமர வேண்டும். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார்தாரர்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. இதை எத்தனை பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த மனுவை எந்தக் காரணம் கொண்டும் தபால் பிரிவு வழியாக அனுப்பாமல், குழுவின் தலைவராக உள்ள பேராசிரியையின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். ராகிங் என்றால் தமிழ்நாட்டில் 1997 முதலே தனிச் சட்டம் உண்டு; இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை உள்ள குற்றம் அது, குறைதீர் குழுவில் வைத்துப் பேசி முடிக்கும் விஷயமன்று. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் கல்லூரிக்குள் சம வாய்ப்பு மையம் இருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போக அதன் அனுமதி தேவையில்லை.

அக்கா சொன்னதில் பாதி உண்மை. ஆசிரியர்களுக்கு மாணவர்களைப் போல ஒரு குறைதீர்ப்பாளர் இல்லை. ஆசிரியர், அன்றிருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் பொருளில் தொழிலாளர் அல்லர் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், தொழிலாளர் நீதிமன்ற வாசலும் மூடிக்கொண்டது. அரசுக் கல்லூரியில் இருப்பவர் முதல்வர் வழியாக மேலே எழுதவேண்டும். அந்த 'உரிய வழி' என்பது சில நேரம் அடைத்துக்கொண்ட குழாய்தான். முன்நகல் என்று மேலே தலைப்பிட்டு, அதே மனுவின் ஒரு படியை நேரே மேலதிகாரிக்கும் அனுப்பிவைப்பது எங்கள் அலுவலகங்களில் எல்லாரும் அறிந்த வழக்கம். தனியார் கல்லூரி ஆசிரியருக்குத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1976 இருக்கிறது. உரிய அதிகாரியின் முன் ஒப்புதல் இல்லாமல் பணிநீக்கம் செய்யக்கூடாது என்பது அதன் அச்சாணி. அக்காவின் சம்பளப் பாக்கி மனு போக வேண்டிய இடம் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகம். அது தருமபுரியிலேயே இருக்கிறது. சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை நிறுத்துவது பற்றி: கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருளன்று, அதை ஈடாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணிக்கொடை பெறும் உரிமையும் ஆசிரியர்களுக்கு உண்டு. இவ்வளவு இருந்தும், வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுக்கும் தனியார் கல்லூரி ஆசிரியருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மெல்லியது என்பதே என் கருத்து. ஒருவர் தனியாகக் கையெழுத்திட்டுப் போவதைவிடச் சம்பளம் வராத பத்துப்பேர் சேர்ந்து கையெழுத்திடுவது நல்லது.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாமா, முதலமைச்சரின் குறைதீர் தளத்தில் பதியலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். அந்த மனுவும் சுற்றி வந்து அதே பிரிவு உதவியாளரின் மேசைக்குத்தான் வரும். ஆனால் 'பதில் அனுப்ப வேண்டிய நாள்' என்ற கெடுவோடு வரும் என்பது ஓர் ஆதாயம். நுகர்வோர் நீதிமன்றத்தில் காலத்தை வீணாக்காதீர்கள். கல்வி விற்பனைச் சரக்கன்று என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னபின் தேர்வு, மதிப்பெண் வழக்குகள் அங்கே நிற்பதில்லை. உயர் நீதிமன்றம் என்றால் நம் மாவட்டங்களுக்குச் சென்னைதான், மதுரைக் கிளை அன்று. செலவுக்குப் பயந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

நேரில் போய் 'பார்த்துக்' காரியம் முடிப்பது பற்றி ஒரு வார்த்தை. ஜூன் மாதம் ஒன்றில் ஒரு மாணவரின் தந்தை சந்தூரிலிருந்து ஒரு கூடை மாம்பழத்தோடு எங்கள் பிரிவுக்கு வந்து, மகனின் மனுவைக் கொஞ்சம் பார்க்கச் சொன்னார். மனிதர் வெள்ளந்தி, தோட்டத்துப் பழம், வீட்டுக்கு வருபவர் வெறுங்கையோடு வரக்கூடாது என்ற பழக்கம். கூடையைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் எதிர்த்தரப்பு ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, 'அலுவலகத்தில் செல்வாக்குச் செலுத்தப்பட்டது' என்று தன் விளக்கத்தில் எழுதிவிட்டார். குழு மதிப்பெண்ணைப் பேச வேண்டிய நேரத்தில் பாதியை மாம்பழத்தைப் பேசியே கழித்தது.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவே. துணைவேந்தருக்கு எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டாம், அதன் ந.க. எண்ணைக் கேட்டு மட்டும் வாங்குங்கள். குறைதீர் குழுத் தலைவருக்கு ஒரே பக்கத்தில் புதிய மனு எழுதி, முதல் வரியில் பாடத்தின் பெயரையும் குறியீட்டையும், அடுத்து தேர்வுத் தேதிகளையும் இரண்டு மதிப்பெண்களையும், கடைசியில் என்ன வேண்டும் என்பதையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: 'இரு பதிவேடுகளையும் என் முன்னிலையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.' ஆசிரியரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இணையத் தளத்தில் பதிந்து அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தளம் இல்லையென்றால் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பருவத் தேர்வுக்கு முன் அகமதிப்பீட்டுப் பட்டியல் தேர்வுப் பிரிவுக்குப் போகும் நாளைத் துறை அலுவலகத்தில் விசாரித்து, அதற்கு மூன்று வாரமாவது முன்னதாக மனு சேரும்படி பாருங்கள். பட்டியல் போனபின் ஒரு மதிப்பெண்ணை மாற்ற முதல்வர், தேர்வாணையர் என்று கூடுதலாக இரண்டு மேசைகளைக் கடக்க வேண்டியிருக்கும்.